பித்தளையில் ஓர் ஊசித்துளை: பைலட் ஜெட் மாற்றும் வழக்கத்தின் வரலாறு

காட்டுப் பாதையிலும் மணற்பரப்பிலும் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்களிலும், பருத்த டயர்கள் நான்கின்மேல் நிற்கும் ஏ.டி.வி. வண்டிகளிலும், கார்புரேட்டரைக் கழற்றி அதன் அடிக்கிண்ணத்துக்குள் இருக்கும் பைலட் ஜெட்டை மாற்றுவது, வண்டி வாங்கியவர் செய்யும் முதல் வேலைகளில் ஒன்றாகப் பல பத்தாண்டுகள் இருந்துவந்தது. பைலட் ஜெட் என்பது சிறு திருகாணி அளவே உள்ள பித்தளைத் துண்டு. அதன் ஒரு தலையில் திருப்புளி பொருந்தும் வெட்டும், உடலில் மரையும், நடுவே நீளவாக்கில் ஒரு துளையும் உண்டு. அந்தத் துளை ஓரிடத்தில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. வண்டி அசையாமல் நிற்கையில் எஞ்சின் குடிக்கும் பெட்ரோல் முழுவதும் அந்தச் சுருக்கத்தின் வழியேதான் போயாக வேண்டும். ஹோண்டாவின் பணிமனைக் கையேடுகள் இதையே ஸ்லோ ஜெட் என்கின்றன. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இரண்டு பெயரும் வழங்குகின்றன. அத்துளை எவ்வளவு அகலமாக இருக்கலாம் என்பதை எஞ்சினின் தேவை மட்டும் முடிவு செய்ததில்லை. கிளட்ச், பந்தயக்களம், மலையின் உயரம், கலிஃபோர்னியாவின் புகைமூட்டம், பெட்ரோலில் கலந்த ஆல்கஹால் என ஒவ்வொன்றும் தத்தம் காலத்தில் அதற்கு ஓர் எண்ணைச் சொல்லிப் பார்த்திருக்கின்றன. அந்த எண்களுக்கிடையே நடந்த பேரமே இந்த வழக்கத்தின் வரலாறு.

கார்புரேட்டர் வேலை செய்யும் விதத்தைச் சிறிது விளக்கினாலொழிய இப்பேரம் புரியாது. பிஸ்டன் கீழிறங்கும்போது உறிஞ்சப்படும் காற்று, இடுப்புச் சிறுத்த ஒரு குழாயின் வழியே விரைகையில் அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைந்த அழுத்தம், கீழே மிதவைக் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலை மெயின் ஜெட்டின் வழியே மேலே இழுத்துக் காற்றில் தூவுகிறது. மோட்டார் சைக்கிள் கார்புரேட்டர்களில் பெரும்பாலானவற்றில் காற்றின் வழியைத் திறந்து மூடுவது ஸ்லைடு எனப்படும் உருளை அல்லது தட்டு. அது மேலே எழ எழ, அதனோடு இணைந்த கூரான ஊசியும் எழுந்து பெட்ரோலுக்கு அதிக இடம் விடுகிறது. ஸ்லைடு ஏறக்குறைய மூடியிருக்கும்போதோ இந்த ஏற்பாடு முழுவதும் செயலிழந்துவிடும், ஏனெனில் இடுப்பின் வழியே செல்லும் மெல்லிய காற்றுக்குப் பெட்ரோலை மேலே இழுக்கும் வலு இல்லை. ஆனால் அந்த நேரத்தில் ஸ்லைடுக்கு மறுபுறம், எஞ்சினை ஒட்டிய பகுதியில், வெற்றிடம் மிகக் கடுமையாக இருக்கும். அங்கே ஒரு சிறு வாய் திறந்து, அதைத் தனியான ஒரு சிறு ஜெட்டோடு இணைத்துவிட்டால், எஞ்சின் தானே அதிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும். அதுவே பைலட் வழி. முழுத் திறப்பில் எட்டில் ஒரு பங்கு வரை ஏறத்தாழ முழு ஆட்சியும், கால் பங்கு வரை ஓரளவு செல்வாக்கும் இதற்கு உண்டு.

இந்த வழியில் ஒரு திருகும் இருக்கிறது. அது இரண்டு வகைப்படும் என்பதை மறந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. திருகு கார்புரேட்டரின் காற்று நுழையும் பக்கத்தில் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது. உள்ளே திருகினால் காற்று குறைந்து கலவை செறிவாகும், அதாவது பெட்ரோலின் பங்கு கூடும். எஞ்சின் பக்கத்தில் இருந்தால் அது பெட்ரோல் கலவையையே கட்டுப்படுத்துவது; அங்கே வெளியே திருகினால்தான் செறிவு. இரண்டாம் வகையில், எஞ்சின் சீராக ஓடுவதற்குத் திருகை ஒரு சுற்றுக்கும் குறைவாகவே திறக்க நேர்ந்தால் ஜெட் பெரிது என்றும், இரண்டரை அல்லது மூன்று சுற்றுக்கு மேல் திறக்க நேர்ந்தால் ஜெட் சிறிது என்றும் கொள்வது தொழிலில் நிலைத்துவிட்ட கணக்கு. திருகு நுண்ணிய திருத்தத்துக்கு மட்டுமே. ஜெட்டின் அளவே தவறாக இருந்தால் திருகால் அதை ஈடுகட்ட முடியாது.

முதல் மோட்டார் சைக்கிள்களுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. 1885-இல் டைம்லரும் மேபாக்கும் ஜெர்மனியில் செய்த மரச்சட்ட வண்டியிலும், 1894-இல் மியூனிக்கில் ஹில்டபிராண்ட், வோல்ஃப்மியூலர் ஆகியோர் விற்பனைக்கெனச் செய்த வண்டியிலும் இருந்தது மேற்பரப்புக் கார்புரேட்டர். அதாவது பெட்ரோல் நிற்கும் தொட்டியின் மேல் காற்றை ஓடவிட்டு, ஆவியை அள்ளிக்கொண்டு போகச் செய்யும் ஏற்பாடு. அதில் ஜெட் என்று ஒன்றே கிடையாது. பெட்ரோலை நுண்குழாயின் வழியே தூவும் முறை 1893-ஐ ஒட்டி, ஒரு பக்கம் மேபாக்காலும் மறுபக்கம் ஹங்கேரியின் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா இருவராலும் உருவாக்கப்பட்டது. ஒரே ஜெட்டை வைத்துக்கொண்டு எல்லா வேகத்துக்கும் பொருந்தும் கலவையைத் தர முடியாது என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. காற்றின் வேகம் கூடக்கூடத் தனி ஜெட் தரும் கலவை தேவைக்கு மேல் செறிந்துகொண்டே போகும். இதற்கு 1906-இல் பிரான்சின் பாவெரே ஈடுசெய் ஜெட் ஒன்றைக் கண்டார். ஜெனித் கார்புரேட்டர் அதிலிருந்து பிறந்தது. மோட்டார் சைக்கிள்காரர்கள் அந்த நுட்பத்துக்குக் காத்திருக்கவில்லை. கைப்பிடியில் காற்றுக்கு ஒரு நெம்புகோல், கலவைக்கு ஒரு நெம்புகோல் என இரண்டை வைத்துக்கொண்டு, ஏற்றத்திலும் இறக்கத்திலும் விரலாலேயே கலவையைச் சரிசெய்தபடி ஓட்டினார்கள்.

வண்டி நிற்கும்போது எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும் ஐட்லிங் என்னும் நிலை அக்காலத்தில் தேவைப்படவே இல்லை. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு தோல்வாரே நேராகச் சென்ற வண்டிகளில் சக்கரம் நின்றால் எஞ்சினும் நின்றாக வேண்டும். மீண்டும் கிளம்ப வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடித் தாவி ஏற வேண்டும். கிளட்சும் கியர் பெட்டியும் 1910-களில் பரவிய பிறகுதான் எஞ்சின் சும்மா ஓடுவது ஒரு வசதியாகி, அடுத்த தலைமுறையில் கட்டாயமாகியது. பைலட் ஜெட்டைக் கிளட்சின் பிள்ளை என்று சொன்னால் பெரிய தவறில்லை. அந்நாளைய பிரிட்டிஷ் கார்புரேட்டர்களில் பெயர்பெற்ற பிங்க்ஸ், பைலட், இடைநிலை, மெயின் என மூன்று ஜெட்களை வரிசையாகக் கொண்டிருந்தது. பிங்க்ஸ், பிரவுன் அண்டு பார்லோ, ஏமக் ஆகிய மூன்று நிறுவனங்களும் 1927-இல் ஒன்றிணைந்து பர்மிங்ஹாமில் ஏமல் ஆயின. ஒன்றிணைப்பு என்பதன் ஆங்கிலச் சொல்லையே சுருக்கிப் பெயராக வைத்துக்கொண்ட இந்நிறுவனத்தின் கார்புரேட்டர், அடுத்த நாற்பதாண்டுகளுக்குப் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களின் பொதுச் சொத்துப் போலாகியது. ஸ்லைடு, ஊசி, மெயின் ஜெட், பைலட் வழி என்ற நால்வகைப் பங்கீடு இன்றைய ஜப்பானியக் கார்புரேட்டர் வரை வந்து சேர்ந்தது ஏமல் வழியாகத்தான்.

சாலையை விட்டு விலகி ஓட்டும் விளையாட்டு பிரிட்டனில் இரு கிளைகளாக வளர்ந்தது. இவ்விரண்டும் பைலட் ஜெட்டிடம் கேட்டவை நேர்மாறானவை. ஒன்று ட்ரயல்ஸ்: ஸ்காட்லாந்தில் 1909-இல் தொடங்கிப் பின்னர் ஆறு நாள் போட்டியாக நிலைபெற்ற மரபில், வேகத்துக்கு மதிப்பெண் இல்லை, பாறைகளுக்கும் ஓடைக்கும் நடுவே கால் ஊன்றாமல் நடை வேகத்தில் கடப்பதே திறமை. மற்றொன்று ஸ்க்ராம்பிள்: 1924 மார்ச்சில் லண்டனுக்குத் தென்மேற்கே கேம்பர்லி புல்வெளியில் நடந்த போட்டியிலிருந்து இப்பெயர் வழக்குக்கு வந்தது, கரடுமுரடான நிலத்தில் முந்துவதே இதன் இலக்கு, பின்னாளில் ஐரோப்பியக் கண்டத்தில் இது மோட்டோகிராஸ் ஆனது. மோட்டோகிராஸ் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகியபடியே பெரும்பாலான நேரத்தைக் கழிப்பதால் மெயின் ஜெட்டைப் பற்றியே அதிகம் கவலைப்படுவார். ட்ரயல்ஸ் ஓட்டுநரோ ஸ்லைடை ஒரு விரற்கடைகூட உயர்த்தாமல் நாள் முழுவதையும் கடத்திவிடக்கூடும்; அவருடைய எஞ்சின் ஏறக்குறைய பைலட் ஜெட்டிலேயே வாழ்கிறது. மூடிய நிலையிலிருந்து ஒரு நூலளவு திறக்கும்போது எஞ்சின் ஒரு கணம் தயங்கினால் அவர் பாறையிலிருந்து சரிந்துவிடுவார். வட அயர்லாந்தைச் சேர்ந்த சாமி மில்லர் 1964-இல் ஏரியல் நான்கு ஸ்ட்ரோக் வண்டியிலும், மறு ஆண்டிலேயே ஸ்பெயினின் புல்டாக்கோ இரண்டு ஸ்ட்ரோக் வண்டியிலும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டியை வென்றதை, கனத்த வண்டியின் காலம் முடிந்து இலேசான வண்டியின் காலம் தொடங்கியதன் அடையாளமாக விளையாட்டு வரலாறு குறித்துவைத்திருக்கிறது. கார்புரேட்டர் வரலாற்றில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு: சுழலும் எடை குறைந்த சிறு எஞ்சினில் ஐட்லிங் கலவையின் பிழையை மறைக்க எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

ஏமல் 1950-களின் நடுவில் கொண்டுவந்த மோனோபிளாக் கார்புரேட்டரில் பைலட் ஜெட் வெளியிலிருந்தே எளிதில் எட்டக்கூடிய தனி உறுப்பு. ஒரு மூடியைக் கழற்றினால் போதும். 1967-இல் வந்த கான்சென்ட்ரிக் மாதிரியின் தொடக்க வடிவிலும் கழற்றக்கூடிய ஜெட் இருந்தது. ஆனால் விரைவில், நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கான கான்சென்ட்ரிக்கில் அதை விட்டுவிட்டு, 0.016 அங்குலத் துளையுள்ள ஒரு சிறு புஷ்ஷைக் காற்றுத் திருகின் வழிக்குள்ளே ஆழமாக அழுத்திப் பதித்துவிட்டார்கள். உற்பத்தியில் ஒரு மரையும் ஓர் உறுப்பும் மிச்சமாயின என்பது உண்மைதான். ஆயினும் இது கஞ்சத்தனத்தின் விலையை வாங்கியவர் தலையில் சுமத்திய முடிவு என்றே சொல்ல வேண்டும். புஷ் அடைத்துக்கொண்டால் அதைப் பார்க்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. 78-ஆம் எண் மெல்லிய துரப்பணத்தை ஒரு குச்சியின் முனையில் பொருத்தி, திருகின் துளை வழியே குருடன் தடவுவதுபோல் நுழைத்து அடைப்பைக் குத்தி எடுப்பது பழைய பிரிட்டிஷ் வண்டிக்காரர்களின் கைத்திறனாக வளர்ந்தது. அளவை மாற்றுவதென்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

ஸ்க்ராம்பிள் களத்தில் அதற்குள் ஆட்சி இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினிடம் போய்விட்டது. செக்கோஸ்லோவாக்கியாவின் சி.இசட்., ஸ்வீடனின் ஹுஸ்க்வார்னா, ஜெர்மனியின் மைக்கோ ஆகியவை 1960-களில் பெரிய நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளைப் பின்னுக்குத் தள்ளின. 1966-இல் ஹுஸ்க்வார்னா ஓட்டுநர் டார்ஸ்டன் ஹால்மன் அமெரிக்காவுக்கு வந்து ஓட்டிக் காட்டியபோது, அங்கே மோட்டோகிராஸ் ஒரு மோகமாகவே மூண்டது. இவ்வகை எஞ்சினில் பைலட் ஜெட்டுக்கு ஒரு கூடுதல் பொறுப்பு சேர்ந்தது. எஞ்சினுக்கு மசகு தரும் எண்ணெய் பெட்ரோலிலேயே கலக்கப்படுவதால், பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். நெடிய இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடிவிட்டு, கியரில் போட்டபடி வண்டியை இறங்கவிட்டால், சக்கரம் எஞ்சினை வேகமாகச் சுழற்றும். அப்போது பிஸ்டனுக்குக் கிடைக்கும் எண்ணெய் முழுவதும் பைலட் ஜெட் விட்டது மட்டுமே. துளை தேவையைவிடச் சிறுத்திருந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிக்கொள்ளும். மலைப்பகுதி ஓட்டுநர்கள் இறக்கத்தில் அவ்வப்போது ஆக்சிலரேட்டரைச் சற்றே திறந்து மூடுவதும், பைலட் ஜெட்டை ஒரு படி பெரிதாகவே வைத்துக்கொள்வதும் இந்த அச்சத்தில் பிறந்த பழக்கங்கள். பெரிதாக வைப்பதற்கும் ஓர் அபராதம் உண்டு: மெதுவாக ஓட்டும்போது எரியாத எண்ணெய் ஸ்பார்க் பிளக்கில் கரியாகப் படிந்து எஞ்சினை நிறுத்திவிடும். அதனால் அக்காலத்து ஓட்டுநரின் சட்டைப் பையில் மாற்றுப் பிளக் ஒன்று எப்போதும் இருந்தது.

பைலட் ஜெட் மாற்றுவதை நிபுணரின் பட்டறையிலிருந்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவை ஜப்பானிய நிறுவனங்கள். மிக்குனி, ஏமலின் உரிமம் பெற்றுக் கார்புரேட்டர் செய்த நிறுவனம். அக்காலத்து ஜப்பானிய வண்டிகள் சிலவற்றின் கார்புரேட்டர்களில் இரண்டு பெயரும் சேர்ந்தே வார்க்கப்பட்டிருந்தன. 1956-இல் தொடங்கப்பட்ட கெய்ஹின், பெரும்பாலும் ஹோண்டாவோடு வளர்ந்தது. 1968-இல் யமஹாவின் டி.டி.-1, சாலையிலும் காட்டிலும் ஓடக்கூடிய 250 சி.சி. வண்டியை எளிய விலையில் அமெரிக்கச் சந்தையில் இறக்கியது. ஹோண்டா 1970-இல் மூன்று பருத்த சக்கரங்களுடன் பின்னாளில் ஏ.டி.சி.-90 எனப் பெயரிடப்பட்ட வண்டியை விற்கத் தொடங்கியது, ஏ.டி.வி. என்ற இனத்துக்கு அதுவே மூதாதை. 1973-இல் ஹோண்டாவின் எல்சினோர், கடையில் வாங்கிய வண்டியிலேயே பந்தயத்துக்குப் போகலாம் என்ற நிலையை உருவாக்கியது. இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட இவ்வண்டிகளின் கார்புரேட்டர்கள் ஒரு சில குடும்பங்களுக்குள் அடங்கின. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரே மரை, ஒரே நீளம், எண் மட்டுமே வேறான ஜெட்கள். எந்தக் கடையிலும் சிறு பிளாஸ்டிக் பெட்டியில் வரிசையாக அடுக்கி விற்கப்பட்ட இந்த ஜெட்கள்தான், எண்ணைச் சொல்லி ஒரு துளையை வாங்கும் வழக்கத்தைப் பரவலாக்கின. ஏமல் அழுத்திப் புதைத்ததை ஜப்பானியர் திருகி எடுக்கும்படி வைத்தார்கள். இரு தொழில்துறைகளின் எதிர்காலத்துக்கும் இடையிலிருந்த வேறுபாடு இந்தச் சிறு உறுப்பிலும் தெரியத்தான் செய்கிறது.

அந்த எண்களின் கணக்கு கவனிக்கத்தக்கது. கெய்ஹின் ஜெட்டின் எண், துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காகக் குறிக்கிறது. 38 என்றால் 0.38 மில்லிமீட்டர். துளையின் பரப்பு விட்டத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்து வளர்வதால், 38-இலிருந்து 42-க்குப் போவது காதுக்கு நான்கு எண் உயர்வாகக் கேட்டாலும், பரப்பில் அது ஏறக்குறைய 22 சதவீத உயர்வு. மெயின் ஜெட்டில் 148-இலிருந்து 152-க்கு அதே நான்கு எண் உயர்ந்தால் பரப்பு ஏறத்தாழ 5 சதவீதமே கூடும். ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும் மாற்று என்று அனுபவசாலிகள் வலியுறுத்தியதன் நியாயம் இக்கணக்கிலேயே இருக்கிறது. ஏமல் மெயின் ஜெட்களின் எண்ணோ விட்டத்தை அன்றி, ஒரு நிமிடத்தில் பாயும் பெட்ரோலின் கன சென்டிமீட்டர் அளவைக் குறித்தது. ஆகவே ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொரு நிறுவனத்தின் எண்ணோடு ஒப்பிட முயன்றவர்கள் குழம்பிப்போனதில் வியப்பில்லை.

இந்த வழக்கத்தைப் பெரும் திரளிடம் கொண்டுசேர்த்தது பந்தயமன்று, சட்டம். அமெரிக்காவில் 1970-இன் தூய காற்றுச் சட்டத்தின் தொடர்ச்சியாக, 1978 தொடக்கத்திலிருந்து செய்யப்பட்ட சாலை மோட்டார் சைக்கிள்களுக்குப் புகை வரம்புகள் வந்தன. எரியாத ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் குறைக்கக் கார்புரேட்டரில் இருந்த மலிவான வழி கலவையை மெலிவாக்குவது, அதாவது பெட்ரோலின் பங்கைக் குறைப்பது; வண்டி அதிகம் நிற்பதும் ஊர்வதுமான நகரச் சூழலில் அந்த மெலிவின் பெரும்பங்கு பைலட் ஜெட்டின் மேல் விழுந்தது. உரிமையாளர் அதை மாற்றிவிடாதிருக்க, கலவைத் திருகின் மேல் ஆலையிலேயே ஓர் உலோக மூடியை அடித்துப் பதித்து மறைத்தார்கள். காட்டிலும் சாலையிலும் ஓடும் இருவகைப் பயன் வண்டிகள் சாலை உரிமம் பெற வேண்டியிருந்ததால் அவையும் இதே வரம்புக்குள் வந்தன. காற்றால் குளிரும் பெரிய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் இதன் விளைவு உடனே தெரிந்தது: காலையில் கிளம்ப மறுக்கும், சோக்கை நெடுநேரம் இழுத்தே வைத்திருக்க வேண்டும், ஆக்சிலரேட்டரைத் திறந்த முதல் கணத்தில் விக்கும், மூடினால் வேகம் உடனே இறங்காமல் தொங்கும், இறக்கத்தில் சைலன்சரில் பட்டாசு வெடிக்கும். கடைசியாகச் சொன்னது, சிலிண்டருக்குள் பற்றாமல் தப்பிய மெலிந்த கலவை சூடான புகைக்குழாயில் பற்றிக்கொள்வதால் எழுவது.

1993-இல் வெளிவந்த ஹோண்டா எக்ஸ்.ஆர்.650எல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் விற்கப்பட்ட வண்டியில் ஆலை வைத்த பைலட் ஜெட் 50. அதை 55 ஆக்கி, மெயின் ஜெட்டை 158 ஆக்குவது அந்த வண்டிக்காரர்களிடையே ஏறக்குறைய ஒரு சடங்காகவே நிலைத்துவிட்டது. 50-இலிருந்து 55 என்பது பரப்பில் 21 சதவீதம். அதே போல், 1999-இல் வந்த ஹோண்டாவின் 400 இ.எக்ஸ். என்ற விளையாட்டு ஏ.டி.வி.யில் 38 எண் ஜெட்டை எடுத்துவிட்டு 40 அல்லது 42 போடுவது, சைலன்சரையோ காற்று வடிகட்டியின் மூடியையோ மாற்றியவர்களின் வழக்கம்; காற்றின் வழியைத் திறந்துவிட்டால் பெட்ரோலின் வழியையும் திறந்தாக வேண்டும். இதில் சட்டத்தின் நிலை ஐயத்துக்கு இடமற்றது. தூய காற்றுச் சட்டத்துக்கு 1990-இல் வந்த திருத்தம், புகைக் கட்டுப்பாட்டு ஏற்பாடுகளைக் கலைக்கக் கூடாதென்ற தடையை விற்பனையாளருக்கும் பட்டறைக்கும் அப்பால் எல்லோருக்கும் விரித்தது. சாலை உரிமம் பெற்ற வண்டியில் உரிமையாளர் தம் வீட்டு வாசலில் செய்ததும் அதில் அடங்கும். சட்டம் குறைத்ததைத் திருப்புளி கூட்டிய இந்த நெடிய இழுபறியில், சட்டத்தின் பக்கம் நியாயம் இருந்தது, எஞ்சினின் பக்கமும் நியாயம் இருந்தது. ஒரே துளை இரண்டையும் நிறைவேற்றும் அளவுக்குக் கார்புரேட்டர் நுட்பமான கருவியாக இருக்கவில்லை என்பதுதான் உண்மையான குறை.

சாலைக்கே வராத வண்டிகளை நோக்கியும் சட்டம் நகர்ந்தது. அதே 1990 திருத்தம் சாலை சாராத எஞ்சின்களையும் நடுவண் அரசின் அதிகாரத்துக்குள் கொண்டுவந்தது. கலிஃபோர்னியா 1994-இலேயே காட்டு வண்டிகளுக்கு வரம்பு விதித்து, பின்னர் வரம்பை எட்டாதவற்றுக்குச் சிவப்பு ஒட்டுச்சீட்டு என்றும், எட்டியவற்றுக்குப் பச்சை என்றும் பிரித்தது. சிவப்புச் சீட்டு வண்டிகளுக்கு, ஓசோன் மாசு மிகும் பருவத்தில் பல பொது நிலங்களுக்குள் நுழைய அனுமதி இல்லாதிருந்தது. நடுவண் அரசு 2002-இல் அறிவித்த விதிகள் 2006 மாதிரி ஆண்டு முதல் ஏ.டி.வி.களுக்கும் காட்டு மோட்டார் சைக்கிள்களுக்கும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. போட்டிக்கு மட்டுமே என்று விற்கப்பட்ட வண்டிகளுக்கு விலக்கு இருந்தது.

மலை சொன்ன எண் சட்டத்தின் எண்ணைப் போலவே சிறியது. ஆனால் அதற்குக் காரணம் இயற்பியல். உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைகிறது. அமெரிக்காவின் கொலராடோவில் 4,302 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக்கின் உச்சியில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவே. காற்றின் அளவை மட்டும் பார்க்கும் கார்புரேட்டருக்கு அதன் எடை தெரியாது. ஆகவே கடற்கரையில் சரியாக இருந்த ஜெட் மலையில் அளவுக்கு மீறிப் பெட்ரோல் ஊற்றும், எஞ்சின் திணறும். ஹோண்டா தன் கையேடுகளில் 1,500 மீட்டருக்கு மேல் தொடர்ந்து ஓட்டுவோர் மெயின் ஜெட்டைச் சிறிதாக்கிப் பைலட் திருகைச் சிறிது திருப்பவேண்டும் என்றும், அந்த மாற்றத்தைச் சொல்லும் சீட்டொன்றை வண்டியின் சட்டகத்தில் ஒட்டவேண்டும் என்றும், சமவெளிக்கு இறங்கினால் பழையபடி மாற்றிக்கொள்ளவேண்டும் என்றும் எழுதியது. ஆலையே ஜெட் மாற்றச் சொன்ன இடங்களுள் இது ஒன்று. வார இறுதியில் சமவெளியிலிருந்து மலைக்குச் செல்வோர் ஜெட் பெட்டியையும் குட்டைத் திருப்புளியையும் கருவிப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

ஏ.டி.வி.களில் மாற்றத்துக்கான காரணம் பெரும்பாலும் இவ்வளவு உயர்ந்ததன்று. பண்ணையிலும் வேட்டைக் காட்டிலும் பயன்படும் இவ்வண்டிகள் ஆண்டில் பல மாதங்கள் கொட்டகையில் கிடக்கும். கிண்ணத்தில் நின்ற பெட்ரோல் மெல்ல ஆவியாகி, மிஞ்சியது பிசினாகி, அரை மில்லிமீட்டரை ஒட்டிய அந்தத் துளையை முதலில் அடைத்துவிடும். மெயின் ஜெட் தப்பித்துக்கொள்ளும். சோக் இழுத்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்ற புகாரோடு பட்டறைக்கு வரும் வண்டியில் மெக்கானிக் கிண்ணத்தைத் திறக்கும் முன்பே காரணத்தைச் சொல்லிவிடுவார். பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால் கலப்பது அமெரிக்காவில் பரவிய பிறகு இந்நோய் பெருகியது, ஏனெனில் எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கிறது; அதோடு, எத்தனாலில் உயிர்வளி சேர்ந்தே இருப்பதால் கலவை மேலும் சில சதவீதம் மெலிந்துவிடுகிறது, ஏற்கெனவே மெலிந்திருந்த பைலட் வழிக்கு அதுவும் ஒரு சுமை. அடைத்த ஜெட்டை எஃகு ஊசியால் குத்துவது எளிது. ஆனால் பித்தளை மென்மையானது, ஊசி அடைப்போடு துளையின் சுவரையும் சுரண்டி, 38-ஐ யாருக்கும் தெரியாத ஓர் எண்ணாக மாற்றிவிடும். அதனாலேயே தேர்ந்த மெக்கானிக்குகள் மெல்லிய செம்புக் கம்பியையோ காற்றழுத்தத்தையோ நாடினார்கள், அல்லது சிறு விலைக்குப் புது ஜெட்டே போட்டார்கள். பைலட் ஜெட் விற்பனையில் கணிசமான பகுதி எண்ணை மாற்றுவதற்கன்று, அதே எண்ணை மீட்டெடுப்பதற்கே என்பதைப் பந்தயப் பெருமை பேசுவோர் மறந்துவிடுகிறார்கள்.

இவ்வரலாற்றின் ஒரு கிளை சென்னைக்கும் வருகிறது. 1955 முதல் திருவொற்றியூரோடு இணைந்த என்ஃபீல்டு புல்லட் தொடக்கத்தில் ஏமல் வழிவந்த கார்புரேட்டரையே கொண்டிருந்தது. 1985-இல் மிக்குனியின் கூட்டோடு சென்னையில் உருவான உக்கால் நிறுவனத்தின் மிக்கார்ப் பிறகு அதன் இடத்தைப் பிடித்தது. பர்மிங்ஹாமிலிருந்து ஜப்பான் போன வடிவம் ஜப்பான் வழியே சென்னைக்கு வந்து, பிரிட்டனில் பிறந்த வண்டியிலேயே பொருந்தியது. இமயமலைப் பயணத்துக்கு அவ்வண்டியை எடுத்துச் சென்றவர்கள் கொலராடோக்காரர்கள் கண்ட அதே திணறலைக் கண்டார்கள். ஆனால் அவர்களில் பலர் ஜெட்டைத் தொடாமல் காற்றுத் திருகோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் மோட்டோகிராஸுக்குத் திரும்பியது கார்புரேட்டரின் கடைசிப் பெருமிதம். 1997-இல் லாஸ் வேகாஸ் சூப்பர்கிராஸில் டக் ஹென்றி யமஹாவின் 400 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் முன்மாதிரியில் வென்றார். மறு ஆண்டு அது ஒய்.இசட்.400எஃப் ஆகக் கடைக்கு வந்தது. அதில் இருந்த கெய்ஹின் எஃப்.சி.ஆர். கார்புரேட்டரில், ஆக்சிலரேட்டரைத் திடீரெனத் திறக்கையில் பெட்ரோலைப் பீய்ச்சும் சிறு பம்பு இருந்தது. பைலட் வழி தனியே சமாளிக்க முடியாத அந்த ஒரு கணத்துக்காக ஒரு முழு இயந்திரமே சேர்க்கப்பட்டது. கார்புரேட்டரின் அடிப்பக்கத்தில் எட்டாத இடத்தில் இருந்த அதன் கலவைத் திருகுக்கு, கையாலேயே திருப்பக்கூடிய நீண்ட தலையுள்ள மாற்றுத் திருகுகள் விற்பனைக்கு வந்தன. நண்பகல் வெயிலுக்கும் மாலைக் குளிருக்கும் ஏற்ப ஓட்டுநர்கள் அதைத் திருப்பிக்கொண்டார்கள். பத்தாண்டுகளுக்குள் இதற்கும் முடிவு வந்தது. சுசூகி 2006-இல் எல்.டி.-ஆர்.450 ஏ.டி.வி.யிலும், 2008 மாதிரியாக ஆர்.எம்.-இசட்.450 மோட்டோகிராஸ் வண்டியிலும் மின்னணு எரிபொருள் உட்செலுத்தலைக் கொண்டுவந்தது. 2009, 2010-இல் கவாசாகி, ஹோண்டா, யமஹா பின்தொடர்ந்தன. காற்றின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் உணரிகள் அளந்து, பெட்ரோலை ஒரு கணினி பங்கிடும்போது, மலைக்கு ஓர் எண் சமவெளிக்கு ஓர் எண் என்ற பேச்சு எழுவதில்லை. இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் கே.டி.எம். 2018 மாதிரியில் இதைச் செய்தது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகள் வந்ததோடு புதிய இருசக்கர வண்டிகளிலிருந்து கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்தது. கெய்ஹின் நிறுவனமே 2021-இல் ஹிட்டாச்சியின் குடைக்குள் மற்ற நிறுவனங்களோடு கரைந்தது.

மறைந்தது என்பது புதிய வண்டிகளைப் பற்றிய பேச்சுத்தான்; பழைய வண்டிகள் கொட்டகைகளில் இருக்கும்வரை ஜெட்டும் விற்கும். ஏமலின் பெயரையும் அச்சுகளையும் 2003-இல் வாங்கிய பர்லன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் கான்சென்ட்ரிக்கை இன்றும் செய்துவருகிறது. அதில் பிரீமியர் என்று அது தனியே விற்கும் மேம்பட்ட வடிவில், பழைய புஷ்ஷுக்குப் பதிலாக, அடிக்கிண்ணத்தைக் கழற்றி ஒரு திருப்புளியால் மாற்றிக்கொள்ளக்கூடிய பைலட் ஜெட் திரும்பி வந்திருக்கிறது.